பைப் மாஸ்டரின் பக்கெட் ஜெபம்

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூசும் கிரீம் அக்கா ஆண்டவரிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். "பழையபடி பேசணும்னு கேக்கல ஆண்டவரே. ஒரு வார்த்தை. ஒண்ணே ஒண்ணு அவர் வாயிலேர்ந்து வந்தா போதும்." அவசரத்தில் கேட்டது. எந்த வார்த்தை என்று சொல்ல விட்டுப்போயிற்று.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து கூப்பிட்டாள். உள்ளே ஓடினால், தலையணையில் சாய்ந்திருந்த புருஷன், வாய் ஒரு பக்கம் கோணியிருக்க, அவளையே பார்த்தார். கண் கலங்கிற்று. உதடு துடித்தது. கல்யாணமான நாளிலிருந்து வெளியே சொல்லாமல் வைத்திருந்த பாசத்தையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, மெதுவாக, தெளிவாகச் சொன்னார்:

"பக்கெட்."

வாந்தி வருகிறதாக்கும் என்று அவள் கட்டிலுக்கடியில் இருந்த பக்கெட்டை இழுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். இடது கையால் பக்கெட்டை ஒதுக்கிவிட்டு, அவள் கன்னத்தைத் தொட்டு, இன்னும் கனிவாக மறுபடியும் சொன்னார். "பக்கெட்."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அவர் பைப் மாஸ்டர். குழாய் ஒழுகினால், கழிவறை அடைத்தால், அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பேச்சு போன அன்றைக்குப் பாஸ்டர் வீட்டுக் குளியலறையில் வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது பைப் கையோடு வந்துவிட்டது. "பக்கெட்!" என்று கத்தினார். பாஸ்டர் பக்கெட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் அசைவில்லாமல் கிடந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. குழாய் அடைப்பெல்லாம் எடுக்கிற மனுஷனுக்கே இப்படியா என்று சபையில் எல்லோரும் மாற்றி மாற்றிச் சொல்லி மாய்ந்துபோனார்கள்.

டாக்டர் அக்காவை உட்கார வைத்து விளக்கினார். அவருக்கு எல்லாம் புரியும், எல்லாம் நினைவிருக்கும். சொல்ல வேண்டியதும் மனசில் முழுசாக இருக்கும். ஆனால் வாய்க்கு வரும்போது எல்லா வார்த்தையும் அந்த ஒரு வார்த்தையாக மாறிவிடும். வலது கையும் காலும் பயிற்சி செய்தால் தேறும். பேச்சு எப்போது வரும், வருமா வராதா என்பதைச் சொல்ல முடியாது.

பாஸ்டருக்குத்தான் மனசு கேட்கவில்லை. பழங்களோடு பார்க்க வந்தவர் அக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "நான் பக்கெட்டைக் கொஞ்சம் சீக்கிரம் கொண்டு போயிருந்தா, அவர் 'தேங்க்ஸ்'னு சொல்லியிருப்பார் இல்லையாம்மா? அந்த வார்த்தையாவது நின்னிருக்கும்."

"விடுங்க பாஸ்டர்," என்றாள் அக்கா. "அந்த பைப்பைப் பத்தி அவர் அடுத்துச் சொல்லப்போன வார்த்தை இதைவிட மோசமா இருந்திருக்கும்."

சபைக்கு இந்த விஷயம் தெரிந்தபோது எல்லோரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். மனசின் ஒரு ஓரத்தில் வேறொரு எண்ணமும் சிலருக்கு வந்து, வந்த வேகத்தில் வெட்கப்பட்டு ஓடியிருக்கும். ஏனென்றால் பைப் மாஸ்டரின் இன்னொரு பெயர் நீள ஜெபக்காரர். யார் வீட்டுக் கூட்டத்திலாவது அவர் ஜெபிக்க எழுந்தால், வீட்டுக்காரம்மா ஓசைப்படாமல் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். பிணியாளிகளில் ஆரம்பிப்பார். பிரயாணம் பண்ணுகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், அதிகாரிகள், மழை, தண்ணீர்த் தொட்டி, பாடகர் குழு என்று ஒருவரையும் விடமாட்டார். முடிக்கிற மாதிரி குரலைத் தாழ்த்துவார். எல்லோரும் ஆமென் சொல்ல வாயைத் திறக்கும்போது "மேலும் ஆண்டவரே" என்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாழ்க்கை ஒரு தினுசாக ஓட ஆரம்பித்தது. காலையில் அக்கா அவரைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, வலது கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு பேக்கரிக்குப் போவாள். கேக்குக்குக் கிரீம் பூசிப் பூப்போட்டு எழுத்து எழுதுவது அவள் வேலை. மத்தியானம் ஓடி வந்து சோறு ஊட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். பக்கெட் பாஷையும் மெல்லப் பிடிபட்டது. குட்டையாகச் சொன்னால் தண்ணீர். இழுத்துச் சொன்னால் முதுகு அரிக்கிறது. மூக்கால் சொன்னால் குழம்பில் உப்பு இல்லை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் பேசும்போது இருவரும் கால் மணி நேரம் பேசுவார்கள். வைத்த பிறகு மகள் தனியாக அம்மாவைக் கூப்பிட்டு, "அப்பா கடைசியா என்னம்மா சொன்னார்?" என்று கேட்பாள்.

எல்லாவற்றையும் அக்கா சமாளித்தாள். ஒன்றைத் தவிர. சாயங்கால ஜெபம்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணை மூடுவார்கள். முன்பெல்லாம் அவர்தான் ஜெபிப்பார். அவள் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு ஆமெனுக்கு எழுந்துகொள்வாள். இப்போது அவர் தலை குனிந்து, தொண்டையைச் செருமி, "பக்கெட்," என்று ஆரம்பித்த முதல் நாளே அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். அவ்வளவு பெரிய ஜெபக்காரர் ஆண்டவரைப் பார்த்து பக்கெட் என்கிறாரே என்று தாங்கவில்லை. சட்டென்று அவர் பேச்சில் குறுக்கே புகுந்து, "இந்த நாளுக்காக ஸ்தோத்திரம், தூக்கத்தைக் கொடுங்க, ஆமென்," என்று முடித்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கப்புறம் அவர் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே முடிக்கக் கற்றுக்கொண்டாள். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் எழுந்து போய் பாத்திரம் கழுவுவாள், சத்தமாக.

இந்தக் கஷ்டம் போதாதென்று நாத்தனார் வேறு. பைப் மாஸ்டரோடு கூடப்பிறந்தவர், அவருக்கு மூத்தவர். சபையில் பாடகர் குழுத் தலைவி. சிரிப்பு என்பது பல் டாக்டரிடம் காட்டுவதற்கு மட்டும் என்று முடிவு செய்து வாழ்கிறவர். வாரம் தவறாமல் எண்ணெய் பாட்டிலோடு வந்து, தம்பியின் நெற்றியில் தடவி, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"சொல்லு தம்பி. ஸ்தோத்திரம்."

"பக்கெட்."

"அவசரப்படாத. உடைச்சு உடைச்சுச் சொல்லு. ஸ்தோத்."

"பக்."

"திரம்."

"கெட்."

நாத்தனார் எழுந்து முந்தானையை உதறிக்கொள்வார். "நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத," என்பார் அக்காவிடம். அப்படி ஆரம்பித்தால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றுதான் வரும். "பேச்சு நல்லபடியா வர்ற வரைக்கும் இவனைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வராத. நாலு பேர் சிரிப்பாங்க. ஆண்டவர் சந்நிதியில சிரிப்புக்கு இடம் கொடுத்த பாவம் நமக்கு எதுக்கு?"

அக்காவுக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்ததால், "சரிங்க அண்ணி," என்று கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மட்டும் போய்வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நாற்காலியிலிருந்து "பக்கெட்?" என்று ஒரு குரல் வரும். அதன் அர்த்தம் மட்டும் தனக்குப் புரியாத மாதிரி உள்ளே போய்விடுவாள்.

மனசிலேயே அடக்கி வைத்தது எங்கேயாவது வெளியே வரத்தானே செய்யும். பேக்கரியில் வந்தது. ஒருநாள் முதலாளியம்மா அவளைக் கவுன்டருக்குக் கூப்பிட்டார். பெட்டி திறந்திருந்தது. உள்ளே இரண்டடுக்குக் கேக். சுற்றிலும் ரோஜாப்பூ, ஓரத்தில் முத்து மாலை, நடுவில் சுழித்துச் சுழித்து, தேர்ந்த கையெழுத்தில், சிவப்புக் கிரீமில் "பக்கெட்".

"கல்யாண நாள் கேக்," என்றார் முதலாளியம்மா. "வாங்க வந்தவர் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டு இதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கறார். நான் என்ன சொல்லட்டும்?"

அக்கா எட்டிப் பார்த்தாள். எழுதிய நினைவே இல்லை. "எங்க வீட்ல எல்லாத்துக்கும் அதுதாங்க அர்த்தம்," என்று சொல்லிவிட்டு கிரீமைச் சுரண்டப் போனாள். சுரண்டும்போது முதலாளியம்மா முதுகில் தட்டிக்கொடுத்தார். அது வேறு அழுகையைக் கிளப்பிவிட்டது.

அதே வாரம் சனிக்கிழமை. லீவு நாள். அக்கா உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலியில் அவர்.

"பக்கெட்," என்றார்.

"இதோ வரேங்க."

"பக்கெட்."

"வரேன்னு சொல்றேன்ல. ரெண்டு சட்டைதான் பாக்கி."

"பக்கெட், பக்கெட், பக்கெட்."

"எதுக்கு இப்ப இவ்வளவு கோபம்? எனக்கும் ரெண்டு கைதானே இருக்கு?" என்று முனகிக்கொண்டே மடித்த துணியோடு சமையலறைக்குள் காலை வைத்தாள். கால் அவளுக்கு முன்னால் போயிற்று. மடித்த சட்டைகள் பறந்தன. அடுத்த நொடி, கணுக்கால் அளவு தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் பைப் கழன்று, தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலியிலிருந்து அவளைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். இடது கையை நீட்டி அதைச் சுட்டிக்காட்டி, கோபமே இல்லாமல், ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்:

"பக்கெட்."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தை சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அசலான, நிஜமான பக்கெட். அதை மட்டும் அவள் கொண்டுவரவில்லை.

அக்காவுக்கு அழுகை வந்தது. வாயைத் திறந்து நன்றாக ஒரு பாட்டம் அழலாம் என்றுதான் ஆரம்பித்தாள். பாதி வழியில் அது தடம் மாறிவிட்டது. தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, தண்ணீரும் சேர்ந்து குலுங்கியது. அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் சிரிப்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. பழைய சிரிப்பு, தகரத்தில் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி, அப்படியே முழுசாக இருந்தது. இவள்தான் இத்தனை நாள் அதற்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. எல்லாம் குணமான பிறகு சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டு வைத்திருந்தாள், பண்டிகைப் புடவையைப் பெட்டியில் வைக்கிற மாதிரி.

அவர் கை காட்ட, அவள் தண்ணீரில் தவழ்ந்து போய் வால்வைத் தேடினாள். இடது பக்கம் திருகினால் "பக்கெட்" என்று அதட்டினார். வலது பக்கம் திருகினால் "பக்கெட்" என்று மெச்சினார். தண்ணீர் நின்றது. அந்த நேரம் பார்த்து எண்ணெய் பாட்டிலோடு நாத்தனார் உள்ளே வந்தார்.

"என்ன கூத்து இது?"

"பக்கெட்," என்றார்கள் இருவரும் ஒன்றாக.

நாத்தனார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கைக்கு எட்டிய முக்காலியின் மேல் ஏறி நின்றுவிட்டார். இறங்க வழியில்லை, சுற்றிலும் தண்ணீர். பைப் மாஸ்டர் சிரிப்பை அடக்கி, மூச்சு வாங்கி, தலையைக் குனிந்தார். தொண்டையைச் செருமினார்.

"பக்கெட்," என்று ஆரம்பித்தார்.

அக்கா வழக்கம்போல ஆமெனை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். ஈரத்திலேயே உட்கார்ந்து கையைக் குவித்தாள். ஆண்டவர் இந்த மனுஷன் ஜெபத்தை இத்தனை வருஷமாகக் கேட்டவர், அவருக்குத் தெரியாதா, நான் யார் நடுவில் பக்கெட்டை மறைக்க என்று தோன்றியது. பைப் மாஸ்டர் ஜெபித்தார். குரலில் ஏறி இறங்கி, நின்று, யோசித்து, மறுபடி ஏறி, குரலைத் தாழ்த்தி, முடிகிறது என்று நாத்தனார் ஒரு காலைக் கீழே விடும்போது "பக்கெட் பக்கெட்" என்று புதிதாக எடுத்தார். தண்ணீரெல்லாம் வாசல் வழியாக வடிந்து, தரை தெரிய ஆரம்பிக்கும் வரை முக்காலியில் நின்ற நாத்தனார் எண்ணெய் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி காத்திருந்தார்.

"நாளைக்கு இவரைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரேன் அண்ணி," என்றாள் அக்கா, புடவையைப் பிழிந்துகொண்டே.

"வேண்டாம்னு சொன்னேனே."

"ஆமாங்க அண்ணி, சொன்னீங்க," என்று அக்கா மிகவும் மரியாதையாக ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையில், கைத்தடியோடு, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அக்கா, அவளுக்கு அடுத்து சபையின் வாட்ச்மேன். எல்லாம் அமைதியாகத்தான் போயிற்று. பாஸ்டர் பிரசங்கத்தை முடித்துவிட்டுக் கண்ணை மூடி, "இப்ப நம்ம தேவைகளுக்காக யாராவது ஒருத்தர் ஜெபிக்கலாம்," என்றார். பாவம், கண்ணை மூடாமல் சொல்லியிருக்கலாம்.

நாற்காலி கிறீச்சிட்டது. கைத்தடி தரையில் தட்டிற்று. அக்கா பக்கத்தில் பார்த்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். முன்னால் பாடகர் வரிசையில் நாத்தனாரின் கழுத்து மட்டும் திரும்பி, ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"பக்கெட்," என்று கணீரென்று ஆரம்பித்தார்.

எங்கோ ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். இன்னொருவர் கைக்குட்டையைத் தேடினார். அக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த இருமலெல்லாம் நின்றுபோயிற்று. ராகம் அதே ராகம். இத்தனை வருஷம் அலுத்து அலுத்துக் கேட்ட ஜெபம் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் குரல் தழைந்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறுத்தம் விட்டு, "பக்கெட்... பக்கெட்... பக்கெட்..." என்று போனபோது வாட்ச்மேன் அக்காவிடம் குனிந்து, "பிணியாளிகள்," என்றார் மெதுவாக. அந்த இடத்தில் பைப் மாஸ்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். முன்வரிசையில், ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றுத்தான் வந்த தையல்காரர் தன் பெயர் எது என்று சரியாகத் தெரிந்தவர்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப பிரயாணம் பண்றவங்க," என்றார் வாட்ச்மேன். "இது பரீட்சை. அதிகாரிங்ககிட்ட வந்துட்டார் பாருங்க, குரல் கடுப்பாயிடுச்சு."

மழையையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி, அடுத்தது பாடகர் குழு. பழைய நாட்களில் இந்த இடத்தில் அவர், பாடுகிறவர்களுக்கு நல்ல குரலையும், அதைவிட முக்கியமாகச் சுருதியையும் கொடுக்கும்படி உருக்கமாகக் கேட்பார். யாரைச் சொல்கிறார் என்பது சபைக்கே தெரியும், ஒருவரைத் தவிர. இப்போதும் உருகினார். "பக்கெட்," என்றார் கெஞ்சலாக. "பக்கெட், பக்கெட்," என்று பெருமூச்சு விட்டார். "பக்கெ...ட்," என்று சுருதி தப்பினால் எப்படி இருக்கும் என்று ஆண்டவருக்கே பாடிக் காட்டினார்.

பாடகர் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் வராத குழாயில் காற்று வருகிற மாதிரி ஆரம்பித்து, பிறகு அணை உடைந்தது. பாட்டுப் புத்தகத்தை முகத்தில் மூடிக்கொண்டு நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷச் சிரிப்போ, நிறுத்தவே தெரியவில்லை. அடுத்தவர் தாங்கிப் பிடிக்கப் போய் அவரும் அகப்பட்டுக்கொண்டார். வரிசை வரிசையாகப் பரவிற்று. பாஸ்டர் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். பைப் மாஸ்டரும் கைத்தடியில் சாய்ந்து தகரத்தில் கூழாங்கல்லை உருட்டினார். அக்கா பயந்த சிரிப்பு அதில் எங்கேயும் இல்லை.

எல்லோரும் சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவ்வளவுதான் என்று நினைத்தபோது அவர் ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். குரலைத் தாழ்த்தினார். சபை முழுக்க ஆவலோடு, "ஆமென்," என்றது.

"பக்கெட் பக்கெட்," என்றார் அவர். மேலும் ஆண்டவரே.

அன்றைக்குக் கூட்டம் முடிய நேரமாகிவிட்டது. வெளியே போகும்போது ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நாத்தனார் கடைசியாக வந்து, தம்பியின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுப் போனார். எண்ணெய் பாட்டிலை அதற்கப்புறம் கொண்டுவரவில்லை. வாராவாரம் வருவது மட்டும் நிற்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து தன் கஷ்டத்தையெல்லாம் கொட்டுவார், அவர் பக்கெட் பக்கெட் என்று கேட்டுக்கொள்வார்.

கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். சில நாள் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கும், எந்த ராகத்திலும் அது அவளுக்கு விளங்காது. இருவரும் சோர்ந்துபோய் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள். ஆனால் சாயங்காலம் ஜெபம் நடக்கும். அவர் ஜெபிப்பார், அவள் நடுவில் பழையபடி ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். எழுந்திருக்கும்போது சுமை கொஞ்சம் இடம் மாறியிருக்கும்.

இரண்டாவது வார்த்தை வந்தது மழைக்காலத்தில் ஒரு காலை. பேக்கரிக்கு நேரமாகிறது என்ற பதற்றத்தில் அவர் சட்டைப் பட்டன்களை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுவிட்டாள் அக்கா. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தப்பு," என்றார்.

அவள் பட்டனை விட்டுவிட்டாள். "என்ன சொன்னீங்க?"

"தப்பு," என்றார், அவருக்கே ஆச்சரியமாக. பிறகு ருசி கண்டவர்போல, "தப்பு, தப்பு," என்றார்.

அக்கா அழுதாள், சிரித்தாள், ஸ்தோத்திரம் சொன்னாள், மகளுக்குப் போன் போட்டாள். அன்று முழுக்க அவருக்கு அதுதான் வேலை. பால்காரர் பால் ஊற்றினால் தப்பு. ரேடியோவில் செய்தி வாசித்தால் தப்பு. அக்கா போட்ட காபி ரொம்பத் தப்பு. சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் மழையில் நனைந்துகொண்டே வந்தார். நன்றியாக ஒரு பாட்டுப் பாடலாம் என்று கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து முதலடியை எடுத்தார்.

"தப்பு," என்றார் தம்பி.

நாத்தனார் கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் அவரையே முறைத்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, சுருதியை ஒரு கட்டை இறக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.